பஸ் ஸ்டாண்டு பக்கம்

தமிழினிக்கு அன்று காலையில் பயம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது முந்தின நாளே சோறு இறங்கவில்லை. அடுத்ததற்குக் கை வேர்த்தது. அப்புறம் சென்னை, பாண்டிச்சேரி, விழுப்புரம் என்று எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. எல்லா இடத்திலும் ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. வேதியியல் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஓடியதில், பயப்படுகிற இடமே மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

“ரெண்டு தோச துன்னுட்டுப் போ தமிழு,” என்றாள் மீனம்பாள். அங்கன்வாடியில் சமையல் பார்க்கிற அம்மா. அவள் கிளம்பவும் நேரமாகிக்கொண்டிருந்தது.

“வேணாம்மா.”

“பயமா இருக்குதா?”

“இல்ல.”

“அப்ப இன்னா?”

“ஒண்ணுமில்லம்மா.”

உண்மையிலேயே ஒன்றுமில்லை. மீனம்பாளுக்கு அதுதான் தாங்கவில்லை. அழுகிற பெண்ணைத் தேற்றலாம். கத்துகிற பெண்ணோடு கூடவே கத்தலாம். சும்மா நிற்கிற பெண்ணை என்ன செய்வது?

“ஜவுளிக்கடைக்காரரு திங்கக்கெழமைக்குள்ள சொல்லுன்னாரு. பொடவை செக்ஷனுக்கு ஆளு வோணுமாம். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல...”

“இது ஆவலன்னா அங்க போயிடறேன்மா.”

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று மீனம்பாள் நினைக்கவில்லை. படித்த படிப்பை மடித்துப் புடவை அலமாரியில் வைக்கச் சொல்லியும் பெண்ணின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கண் கலங்கியது என்னவோ அம்மாவுக்குத்தான்.

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழினியின் அண்ணன் செந்தமிழன் ஒரகடம் பக்கம், காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறான். அங்கே அவனுக்குப் பெயர் செந்தில். அந்தக் கம்பெனி செஞ்சியிலுள்ள ஒரு கல்லூரிக்கு வந்து புதுப் பட்டதாரிகளை எடுக்கப் போகிறது, கேள்வி கேட்கிற மேஜையில் அவனும் உட்காரப் போகிறான். இதைத் தங்கையிடம் போனில் சொன்னவன், கூடவே இன்னொன்றும் சொன்னான்.

“நீ வா. ஆனா என் தங்கச்சின்னு காட்டிக்காத. சொந்தக்காரங்கள நானே இன்டர்வியூ பண்ணக் கூடாது, ரூல் இருக்குது. வீட்லயும் சொல்லாத.”

வீட்டில் சொன்னால் மீனம்பாள் டிபன் கேரியரோடு கல்லூரி வாசலில் வந்து நிற்பாள். அது வேறு விஷயம்.

ரூல் இருப்பது நிஜம். ‘என் தங்கை வருகிறாள், அவளை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும்’ என்று மேனேஜரிடம் ஒரு வரி சொன்னால் தீர்ந்துபோகிற சங்கதி என்பதும் நிஜம். சொன்னால், ‘தங்கை செஞ்சியா? நீங்க திண்டிவனம்னு சொன்னீங்களே?’ என்பார். அடுத்தது, ‘செஞ்சியில எங்க?’ என்பார். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நம் மகாராஜன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் திண்டிவனத்துக்காரனாக இருக்கிறான்.

அந்தக் கேள்வியின் பூர்வீகம் இதுதான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்களுடைய அப்பா இளையபெருமாள் செஞ்சி டவுனில் வாடகைக்கு வீடு தேடினார். அரசு பஸ் கண்டக்டர், மாதம் பிறந்தால் சம்பளம், குடி கிடையாது. இருந்தும் ஒவ்வொரு வாசலிலும் ஒரே விசாரணைதான். எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? ‘காலனி’ என்று அவர் சொன்னதும், முன்தினமே வேறு ஆளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்றார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் அவர் வாயைத் திறந்ததும் எப்படியோ குடி நிறைந்துபோயின.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, வாய்ப்பாடு கேட்பதுபோல இளையபெருமாள் கேட்பார்.

“எந்த ஊரு?”

“செஞ்சி.”

“செஞ்சில எங்க?”

“டவுனு.”

“டவுன்ல எங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“ஒங்க அப்பா இன்னா பண்றாரு?”

“கவர்மென்ட்டு வேலை.”

“அவ்ளோதான். கேட்டதுக்குத்தான் பதிலு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. மொகத்துலயும் ஒண்ணும் தெரியக்கூடாது,” என்பார். ஒருவர் தடுமாறினாலும் இருவருக்கும் முதலிலிருந்து ஆரம்பம். செந்தமிழன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். தமிழினி அவனையும் மிஞ்சினாள்.

இப்போது திண்டிவனம் சாலையில், புதுக்காலனியில், அவர்களுக்குச் சொந்த வீடே இருக்கிறது. வீடு மாறியது. பாடம் மாறவில்லை. பெற்ற பிள்ளைகள் அடுத்தவன் வாசலில் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று ஒரு தகப்பன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று அமாவாசை. காலையிலேயே செஞ்சிக்குள் எள் போட்டால் எள் விழாது. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற ஜனம் பஸ் ஸ்டாண்டை நிறைத்து, ரோட்டிலும் வழிந்து நின்றது. இளையபெருமாளுக்கு ஸ்பெஷல் பஸ் டியூட்டி. விடிவதற்கு முன்பே போய்விட்டார். தமிழினி ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு, கோட்டை மலைகளுக்கு நடுவே ஓடுகிற திருவண்ணாமலை சாலையில் இருக்கிற அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சந்தனா முன்பே வந்திருந்தாள். மேல்சித்தாமூர்ப் பெண், தமிழினியோடு ஒரே வகுப்பில் படித்தவள், வாய் ஓயாது.

“எனக்குக் கை காலு உதறுது தமிழ். உனக்கு?”

“இல்ல.”

“கல்லுடி நீ.”

தமிழினி சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் போனில் ஒப்பித்ததை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார். கண்ணைப் பார்த்துப் பேசு. கம்பெனி என்ன செய்கிறது என்று படித்துவிட்டு வா. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல். எடுத்ததும் சம்பளத்தைக் கேட்காதே. எல்லாம் நல்ல யோசனைதான். எதையும் மறைக்காமல் பேசு என்று மட்டும் அவன் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்லுவான்?

உள்ளே மேஜையின் நடுவில் மேனேஜர் கவிதா உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், நரைக்குச் சாயம் பூசாதவர், பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க நம் செந்தில். முதலில் சந்தனாவைக் கூப்பிட்டார்கள்.

“எந்த ஊர்?” என்று கவிதா கேட்டதுதான் தாமதம்.

“மேல்சித்தாமூர் மேடம். ஜைன மடம் இருக்குதில்ல, அந்த ஊரு. நாங்களும் ஜைனருங்கதான். மடத்துக்கு ரெண்டு வீடு தள்ளி எங்க வீடு. அப்பாவுக்கு மணிலாக்கொட்டை வியாபாரம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் மேடம். நாங்க பொழுது சாஞ்சா சாப்ட மாட்டோம். ஷிஃப்ட்டு போட்டீங்கன்னா சாயங்காலம் கொஞ்ச நேரம் விடணும்.”

கவிதா சிரித்துவிட்டார். “வேலையே இன்னும் தரலையேம்மா. அதுக்குள்ள சாப்பாட்டு நேரமா?”

“அப்புறமா சொன்னா மறைச்சேன்னு ஆயிடும் மேடம்.”

பாடத்தில் கேட்ட கேள்விகளில் பாதிக்குச் சந்தனா உதட்டைப் பிதுக்கினாள். தெரியவில்லை என்று பளிச்சென்று சொன்னாள். அவள் வெளியே போனதும் கவிதா திரும்பினார்.

“பாதிக் கேள்விக்குப் பதில் இல்ல. ஆனா இந்தப் பொண்ண எனக்குப் பிடிச்சிருக்கு. ஏன்னு சொல்லுங்க செந்தில்.”

“ஓப்பனா பேசறாங்க மேடம்.”

“அதான். மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு. வேலையை நாம கத்துக்குடுத்துடலாம். ஆனா நாம ஆள் எடுக்கறது பாகத்தைச் சோதிக்கற பிரிவுக்கு. ஒரு பிரேக்குல விரிசல் இருந்தா, ‘விரிசல் இருக்கு’ன்னு எழுந்து வந்து சொல்றவங்கதான் எனக்கு வேணும். மூடி வைக்கறவங்க வந்தா ரோட்ல போற எவனோ ஒருத்தனுக்கு உயிர் போகும்.”

செந்தமிழன் தலையாட்டினான். அடுத்த பெயர் அவன் தங்கையுடையது.

தமிழினி வந்தாள். வணக்கம் சொன்னாள். உட்காரச் சொன்னபிறகு உட்கார்ந்தாள். அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வைதான். செந்தமிழனுக்குச் சுருக்கென்றது. காட்டிக்காதே என்று சொன்னதும் அவன்தான், அவள் அப்படியே செய்தபோது வலித்ததும் அவனுக்குத்தான்.

இரும்பில் துரு ஏறுவதைப் பற்றிக் கேட்டார்கள். துத்தநாகம் பூசுவது எதற்கு, பூச்சு கீறிப்போனாலும் இரும்பு எப்படித் தப்பிக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். கவிதாவின் புருவம் உயர்ந்தது.

“காலேஜ்ல எப்பவாவது தப்பு பண்ணிட்டு ஒத்துக்கிட்டது உண்டா?”

“உண்டு மேடம். ஒருதடவ லேப்ல மொத்தக் கிளாசுக்கும் நான்தான் கரைசல் கலந்து வெச்சேன். அளவு தப்பாப் போட்டுட்டேன். பாதிப் பேரு செஞ்சு முடிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. மேடம்கிட்டப் போயி சொன்னேன். எல்லாரும் மறுபடியும் மொதல்லேர்ந்து செஞ்சாங்க. ரொம்ப நாளு எங்கிட்ட யாரும் பேசல.”

“சொல்லாம விட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?”

“ரிசல்ட்டு தப்பா வந்துருக்கும் மேடம்.”

கவிதா பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவருக்கு ஆளைப் பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வார் என்று செந்தமிழனுக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் அவன் கால் விரல்கள் சந்தோஷத்தில் மடங்கின. ஜவுளிக்கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

“சரிம்மா. எந்த ஊர் நீ?”

“செஞ்சி மேடம்.”

“செஞ்சியில எங்க?”

“டவுனு.”

“டவுன்ல எங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“பக்கம்னா? எந்தத் தெரு?”

“பக்கம்தான் மேடம்.”

கவிதா ஒரு நொடி அவளையே பார்த்தார். இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த பெண் எழுந்து போய், வேறு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“அப்பா என்ன பண்றார்?”

“கவர்மென்ட்டு வேலை.”

“எந்த டிபார்ட்மென்ட்?”

“கவர்மென்ட்டுதான் மேடம்.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரு அண்ணன்.”

“அவர் என்ன பண்றார்?”

“வெளியூர்ல இருக்காரு.”

குரலில் நடுக்கம் இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பதிலும் அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்பே செந்தமிழனுக்குக் கேட்டது, அப்பாவின் ‘அவ்ளோதான்’ உட்பட. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரிம்மா. சொல்லி அனுப்பறோம்,” என்றார் கவிதா.

கதவு சாத்தியதும் மூடிய பேனாவைத் திரும்ப எடுத்தார்.

“நல்ல மூளை. லேப் கதை சொன்னப்போ இவளைத்தான் எடுக்கணும்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் என்ன ஆச்சு? எதையோ மறைக்கறா செந்தில்.”

“டென்ஷனா இருந்திருக்கும் மேடம்.”

“டென்ஷன்ல இருக்கறவங்க உளறுவாங்க. இவ ஒரு வார்த்தை உளறல. பழக்கப்பட்ட மாதிரி மறைக்கறா. அப்படின்னா அந்த லேப் கதையையும் நான் எப்படி நம்பறது?” என்றவர், “நீங்க இந்தப் பக்கத்துக்காரர்தானே. யாருன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் மறைப்பது விரிசலை இல்லை, வாசல் வாசலாக வாங்கின அடியை என்று சொல்லலாம். அதைச் சொல்ல அந்த அறையில் அவன் ஒருவனால்தான் முடியும். சொன்னால் அந்த அடி தனக்கும் விழுந்தது என்று சொன்னதாகிவிடும்.

“தெரியாது மேடம்,” என்றான் செந்தமிழன்.

எனக்கு அவனை நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருக்கிறது. நீங்களே திட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சந்தனா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு பஸ்சு பிரச்சனை இல்லடி. கம்பெனி பஸ்சு செஞ்சி வரைக்கும் வருதாம். எங்க ஏறுவேன்னு பாக்கத்தான் ஊரைக் கேட்டாங்களாம், கடைசில அவங்களே சொன்னாங்க. நீ எங்க ஏறுவே? உங்க காலனி வாசல்லயே நிக்குமே?”

“பஸ்சுக்கா கேட்டாங்க?”

“பின்ன எதுக்கு?”

தமிழினி ஒவ்வோர் இடமாக நினைத்துப் பார்த்தாள். சென்னையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டு ஊரைக் கேட்டார். பாண்டிச்சேரியில் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். விழுப்புரத்திலும் எல்லாம் நன்றாகப் போய், அந்த இடத்தில் வந்துதான் நின்றது. அதில் எவர் பஸ்ஸுக்காகக் கேட்டார், எவர் அதற்காகவே கேட்டார்? அதற்காகக் கேட்கிறவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? ஆனால் இவளுக்கு எல்லாக் குரலும் ஒரே குரலாகக் கேட்டிருக்கிறது. இனி பிரித்துப் பார்க்க முடியாது.

அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

“எங்க அண்ணன் வந்துட்டான்டி,” என்றாள் சந்தனா. வாசலில் ஸ்ரேயாம்ஸ் பைக்கை நிறுத்திவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சந்தனா ஏறிக் கையாட்டிவிட்டுப் போனாள். தமிழினி அந்த பைக் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் தாண்டியும் ஆட்டோ கிடைக்கவில்லை. எல்லாம் மலையனூர் சவாரிக்குப் போய்விட்டிருந்தன. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பி, கல்லூரி வாசலில் அவள் மட்டும் நின்றபோது கம்பெனிக் கார் வெளியே வந்தது.

“அந்தப் பொண்ணு இன்னும் நிக்குது பாருங்க. டவுன்ல இறக்கி விட்டுடலாம்,” என்றார் கவிதா.

“கேண்டிடேட்ட நம்ம வண்டியில ஏத்தறது சரியா மேடம்...” என்றான் முன் சீட்டிலிருந்த செந்தமிழன்.

“வெயில்ல விட்டுட்டுப் போறது சரியா?”

இப்படியாக அண்ணன் முன் சீட்டிலும், தங்கை பின் சீட்டில் மேனேஜருக்குப் பக்கத்திலுமாகப் புறப்பட்டார்கள். இரண்டு பக்கமும் மலைகள் வந்தன, போயின. தமிழினி அண்ணனின் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதிதாக முடி வெட்டியிருந்தான். வீட்டுக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தாள். அதிலும் கோபம் வரவில்லை.

“எங்கம்மா எறங்கணும்?” என்று கேட்டார் டிரைவர் ஆனந்தராஜ்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

கவிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் கார் நின்றது நின்றதுதான். முன்னாலும் பின்னாலும் ஜனம். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டவர்கள், மஞ்சள் புடவைக்காரிகள், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறவர்கள். நடுவில் காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிப்போய், விசிலும் கையுமாக ஒரு கண்டக்டர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க வழிவிலக்கிக்கொண்டிருந்தார். இளையபெருமாள்.

காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லத்தான் அருகே வந்தார். முதலில் பார்த்தது மகளை. முகம் மலர்ந்து, ‘தமிழு’ என்று கூப்பிட வாய் திறந்தவர், அவளுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாளைப் பார்த்தார். பிறகு முன் சீட்டைப் பார்த்தார். மகன்.

செந்தமிழனின் கண்கள் அப்பாவின் கண்களைச் சந்தித்தன. ஒரு கணம்தான். பிறகு அவை டேஷ்போர்டுக்குப் போய்விட்டன.

ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் மனுஷ முகங்களைப் பார்த்தே கழித்தவருக்கு, அது என்ன பார்வை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தாம் ஊட்டி வளர்த்த பார்வைதானே. அவருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு முன் ஜன்னலுக்கு வந்தார். மகனின் கை வெளியே தெரிந்தது.

“சார், கைய உள்ள வெச்சிக்கங்க. பஸ்சு ஒரசிக்கினு போவும்,” என்றார்.

செந்தமிழன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சார். அந்த வார்த்தை தமிழினியின் காதில் விழுந்தது. காலையிலிருந்து எதுவும் நுழையாத இடத்தில் அது போய்க் குத்தியது. நைனா தன் பிள்ளையை சார் என்கிறார். அவன் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் இருவருக்கும் நடுவில், வாயை மூடிக்கொண்டு தானும் உட்கார்ந்திருக்கிறாள்.

“மேடம்.”

“சொல்லும்மா.”

“அவரு எங்க நைனா. கண்டக்டரு. பேரு இளையபெருமாள். எங்க வீடு புதுக்காலனி மேடம், திண்டிவனம் ரோட்ல. காலனின்னா, காலனிதான்.”

சொல்லி முடித்துவிட்டு, என்னவோ நடக்கும் என்று காத்திருந்தாள். கார் அப்படியேதான் நின்றது. வெளியே யாரோ வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனார்.

கவிதாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் அவர் முகத்தில் இருந்த வெடுவெடுப்பு போய்விட்டது.

“நம்ம பஸ் அந்த ரோட்லதான் வருது. அதுக்குத்தாம்மா கேட்டேன்,” என்றார் தணிந்த குரலில். “வேற எதுக்கும் இல்ல.”

“இப்பத்தான் மேடம் தெரிஞ்சுது.”

“அப்போ அந்த வெளியூர் அண்ணன்?”

முன் சீட்டில் மூச்சு நின்ற சத்தம்கூடக் கேட்கும்போல் இருந்தது. தமிழினி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தன் வீட்டைத் தான் சொல்லிக்கொள்ளலாம். அவனுடையதை அவன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

“அத அவருதான் சொல்லணும் மேடம்,” என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

அவள் கதவைச் சாத்துவதற்குள் முன் கதவு திறந்தது.

செந்தமிழன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். கழுத்து அட்டை யாருடைய பையிலோ மாட்டி இழுத்தது, பிடுங்கிக்கொண்டு போனான். இளையபெருமாள் படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்தார்.

“நைனா.”

திரும்பியவர் மகனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டிக் காரைப் பார்த்தார். “இன்னா சார், மலையனூரா? ஏறுங்க,” என்று உரக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “போடா, போயி வண்டில ஏறு. அந்தம்மா பாக்குது,” என்றார்.

“பாக்கட்டும் நைனா.”

அது பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. இளையபெருமாளின் கையிலிருந்த விசில் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. இந்த இடத்துக்கு அவர் எந்தப் பதிலும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

காரின் பின் கண்ணாடி முழுதாகக் கீழே இறங்கியது.

“செந்தில், இங்க வாங்க,” என்றார் கவிதா. “காலையில இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டப்போ என்கிட்ட என்ன சொன்னீங்க?”

அந்தக் குரலில் கனிவும் இல்லை, கோபமும் இல்லை. சொந்தக்காரர்களை இன்டர்வியூ செய்யக் கூடாது என்ற ரூல் தமிழினிக்கு நினைவு வந்தது. தனக்கு வரவேண்டிய வேலை போய்விடலாம். அண்ணனுடையதும் போகலாம். அவள் வெயிலில் நின்றபடி, அருகருகே நின்ற அந்த இரண்டு பேரின் சட்டையையும் பார்த்தாள். ஒன்று காக்கி, ஒன்று வெள்ளை, இரண்டும் வேர்த்து நனைந்திருந்தன.

காலையில் வேண்டாம் என்று சொன்ன தோசை ஞாபகம் வந்தது. அவளுக்குக் கண்ணை இருட்டுகிற மாதிரி பசித்தது.